மோட்டார் அறை அட்டையிலிருந்து தொடங்குங்கள்: ஊர் மின்சாரத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மலையில், ஹட்டி என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊரின் மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்குகிறது. குடிநீர் மோட்டாரை இயக்குகிறவர் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து, பென்சிலால் அதில் ஓர் எண்ணை எழுதிவைப்பார். மின்வாரியம் அவரிடம் கேட்கவில்லை, ஊராட்சியும் கேட்கவில்லை. "எவ்வளவு ஓடியது என்று நமக்குத் தெரிய வேண்டாமா, தம்பி?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஊர் மின்சாரம் என்ற பேச்சில் நான் கேட்ட வார்த்தைகளில் இதைவிடச் சரியானது வேறில்லை.

கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து இளைஞர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் கேட்கிறார்கள்: "நம் ஊருக்கு நாமே மின்சாரம் தயாரிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?" பெரும்பாலோர் சோலார் பலகையின் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். விலை கடைசியில் வர வேண்டிய விஷயம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊர் மின்சாரம் என்றால் என்ன

மின்சாரத்தை உண்டாக்கும் கருவியோ, அதைக் கொண்டு செல்லும் கம்பியோ, இரண்டுமோ அதைப் பயன்படுத்தும் மக்களுக்கே சொந்தமாக இருப்பதுதான் ஊர் மின்சாரம். சொந்தம் என்றால் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் இருப்பது போதாது. கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும், முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு இருக்க வேண்டும்.

இது புதுக் கற்பனை இல்லை. அமெரிக்காவில் நகராட்சிகளும் உள்ளூர் மின் மாவட்டங்களும் நடத்தும் மின் நிறுவனங்கள் ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. நெப்ராஸ்கா என்ற மாநிலம் முழுவதற்குமே பொதுமக்களுக்குச் சொந்தமான அமைப்புகள்தான் மின்சாரம் வழங்குகின்றன. ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் ஷோனாவ் என்ற சிற்றூர் மக்கள், செர்னோபில் விபத்துக்குப் பிறகு அணுமின்சாரம் வேண்டாம் என்று இயக்கம் தொடங்கி, இரண்டு முறை ஊர் வாக்கெடுப்பில் வென்று, 1997 இல் தங்கள் ஊரின் மின்கம்பி வலையையே விலைக்கு வாங்கினார்கள்.

நம் நாட்டிலும் உண்டு. கர்நாடகத்தின் ஹுக்கேரியில் 1969 இல் தொடங்கிய கிராம மின் கூட்டுறவுச் சங்கமும், தெலங்கானாவின் சிர்சில்லாவில் 1970 இல் தொடங்கிய சங்கமும் வீடுகளுக்கும் வயல்களுக்கும் மின்சாரம் வினியோகிக்கின்றன. திருச்சூர் மாநகராட்சிக்குச் சொந்தமாக மின்துறையே இருக்கிறது. நம் மலைகளுக்குத் தெற்கே, மூணாற்றில், தொழிலாளர்கள் பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் நிறுவனம் தன் பகுதிக்கு மின் வினியோக உரிமம் பெற்றிருக்கிறது. தென்மேற்கே பாலக்காடு மாவட்ட ஊராட்சி, மீன்வல்லத்தில் 3 மெகாவாட் புனல்மின் நிலையம் கட்டி, 2014 முதல் மின்சாரம் விற்கிறது.

மிக நெருக்கமான எடுத்துக்காட்டு மலையடிவாரத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில் வரும் ஓடந்துறை ஊராட்சியைத்தான் சொல்கிறேன். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. முதலில் விறகிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006 இல், சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். அது ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியானது ஊராட்சியின் மின்கணக்கில் கழிந்தது, மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். சொந்தமாக்கிக்கொள்ளும் கருவி சொந்த மண்ணில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. மேகம் மூடிய மலையில் வாழும் நாம் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் மில்கள் அந்த மின்சாரத்தில்தான் பெருகின. பிறகு மாயாறு, குந்தா, 2005 இல் சிங்காராவின் நிலத்தடி நிலையம் என்று இந்த மலைகளின் தண்ணீர் சமவெளிக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதே கம்பிகள் தலைக்கு மேல் போக, கீழே விளக்கில்லாத குடியிருப்புகள் இருந்தன. கூடலூரில் ஜென்மம் நிலச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத இடங்களில் மின் இணைப்புக்காகக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கின்றன. ஊர் மின்சாரம் என்ற பேச்சு எனக்கு வெறும் சேமிப்புக் கணக்காகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

முதல் படி: எவ்வளவு எரிகிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். ஊரின் பொது மின் இணைப்புகளை எல்லாம் முதலில் எழுதுங்கள்: குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, சமுதாயக் கூடம், அங்கன்வாடி, பள்ளி, பசுந்தேயிலை எடை போடும் கொட்டகை. ஒவ்வொன்றின் மின் இணைப்பு எண்ணையும் கேட்டு வாங்கி, கடைசி ஆறு கட்டண விவரத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு என்பதால் ஆறு கணக்கு ஓர் ஆண்டு. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எங்கள் ஊரில் இதைச் செய்தபோது கண் திறந்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஏறத்தாழ 3.7 கிலோவாட். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 15 யூனிட், இரண்டு மாதத்தில் 900 யூனிட். நாற்பது தெருவிளக்குகள் 20 வாட் வீதம் இரவு முழுதும் எரிந்தாலும் ஓர் இரவுக்குப் பத்து யூனிட்டுக்குள்தான். ஊரே தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பணத்தைக் குடித்ததோ மோட்டார்.

அதன் பிறகு வீடுகளுக்கு வாருங்கள். மலையின் மின்செலவு சமவெளியைப் போன்றது இல்லை. நமக்கு மின்விசிறி வேண்டாம், ஏசி வேண்டாம். ஆனால் விடியற்காலையில் கீசர் போடுகிறோம். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்றுவிடும். இருபது வீட்டில் ஒரே நேரத்தில் போட்டால் 40 கிலோவாட் ஒரேயடியாக டிரான்ஸ்பார்மர் தலையில் ஏறுகிறது. காலை ஏழு மணிக்கு வோல்டேஜ் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் சூரியன் இன்னும் எதிர்மேட்டைத் தாண்டியிருக்காது என்பதால் சோலார் பலகை கீசருக்கு உதவாது.

என் கருத்து தெளிவானது: வீட்டுக் கூரையை விட்டுவிட்டு மோட்டாரிலிருந்து தொடங்குங்கள். மோட்டாரை வெயில் இருக்கும்போது ஓட்டலாம். மேல்நிலைத் தொட்டியே பேட்டரி போல வேலை செய்யும். அதன் பலன் ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் வழியாக ஒரே அளவில் போய்ச் சேரும், ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது.

வீடுகளில் இரண்டு மாதத்தின் முதல் நூறு யூனிட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணமில்லை. இரண்டு மாதத்துக்கு 150, 180 யூனிட் எரிக்கும் சிறு வீட்டுக்காரர், சோலாருக்குக் கடன் வாங்க அவசரப்பட வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளுக்குக் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. அவர்கள் யோசிக்கலாம்.

இரண்டாம் படி: வெயிலை அளங்கள், ஓடையை அளங்கள்

மலையில் வெயில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. ஜூன், ஜூலையில் அவலாஞ்சியிலும் கூடலூரிலும் மழை விடாது பெய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மாதங்களில் மசினகுடிப் பக்கம் வெயில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியும் குன்னூரும் நனையும். ஆகவே விற்பனையாளர் கொண்டுவரும் சமவெளிக் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். சமவெளியில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு நான்கு யூனிட் தருகிறது என்பது சராசரி. நம் மழை மாதங்களில் அதில் பாதிகூட வராத வாரங்கள் உண்டு. நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. பலகை சூடேறும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். குளிர்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்கிறது. ஜனவரி வெயிலில் எங்கள் பலகைகள் தரும் அளவைப் பார்த்தால் கோயம்புத்தூர் நண்பர்கள் வியக்கிறார்கள்.

பலகை தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நம் அட்சரேகை 11 டிகிரி சொச்சம், சாய்வும் அதை ஒட்டி இருக்கலாம். சற்று கூடுதலாகச் சாய்த்தால் மழைநீர் வழிந்து பாசி பிடிக்காது. நிழலைக் கவனமாகப் பாருங்கள். பலகைகள் சங்கிலிபோல் கோத்திருப்பதால், ஒரு பலகையில் சில்வர் ஓக் மரத்தின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுதும் தளர்ந்துவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது நிழல் எங்கே விழுகிறது என்று ஒருமுறை நேரில் நின்று பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஓடை. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஓடையை அளக்க எந்தப் பொறியாளரும் தேவையில்லை.

ஓர் இருபது லிட்டர் வாளி, கடிகாரம், கட்டுமானத் தொழிலாளர்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஆகிய மூன்றும் போதும். மார்ச் மாதத்தில் போங்கள். மழைக்காலத்தில் எந்த ஓடையும் அழகாகத்தான் தெரியும், அதன் உண்மையான அளவு கோடையில்தான் வெளிப்படும். ஓடையை ஓரிடத்தில் கல்லும் மண்ணும் போட்டு ஒருபக்கமாகத் திருப்பி, முழுத் தண்ணீரும் ஒரு குழாய் வழியே வாளியில் விழும்படி செய்யுங்கள். வாளி நிரம்ப நான்கு நொடி ஆனால் நொடிக்கு ஐந்து லிட்டர். பிறகு உயரம். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று, மட்டம் பார்த்து ஒவ்வோர் ஆள் உயரமாகக் குறித்துக்கொண்டே இறங்குங்கள். நாங்கள் மூன்று பேர் போய், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, அரை நாளில் முப்பது மீட்டர் இறக்கத்தை அளந்தோம்.

கணக்கு எளிது. நொடிக்கு வரும் லிட்டரை இறக்கத்தின் மீட்டரால் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் சிறு கருவிகளில் கிடைக்கக்கூடிய வாட் வரும். 5 × 30 × 5 = 750 வாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஓடை இரவிலும் ஓடும். 750 வாட் இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் 18 யூனிட். அதே 18 யூனிட்டைத் தர நல்ல வெயிலில் நான்கரைக் கிலோவாட் பலகை வேண்டும். சின்ன ஓடையை ஏளனமாகப் பார்க்காதீர்கள் என்பது இதனால்தான். அளந்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளவும் கூடாது. கோடையில் கீழே உள்ள விவசாயிக்கும், இரவில் தண்ணீர் தேடி வரும் காட்டுமாட்டுக்கும் பங்கு விட்டுத்தான் குழாயின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் படி: யார் பெயரில்?

ஊர்ப் பணத்தில் வாங்கிய கருவி ஒரு தனி மனிதர் பெயரில் இருந்து பிறகு தகராறானதை நேரில் பார்த்திருக்கிறேன். அன்பில் தொடங்கியது, அவருடைய பிள்ளைகள் காலத்தில் வழக்கில் முடிந்தது. ஆகவே பெயரை முதலிலேயே சரி செய்யுங்கள்.

மோட்டார், தெருவிளக்கு போன்ற பொது இணைப்புகளுக்கு ஊராட்சியே சிறந்த உரிமையாளர். இணைப்பும் அதன் பெயரில்தான் இருக்கிறது. சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இதற்கு இடம் தருகிறது. தேயிலை, காய்கறி விவசாயிகள் என்றால் பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். கூட்டுறவுச் சங்கம் இன்னும் கனமான ஏற்பாடு, ஆனால் நம் மாவட்டத்துக்கு அது அந்நியம் இல்லை. கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் குடையின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, முதலாவதான குந்தா ஆலை 1962 ஐச் சேர்ந்தது. இலை கொடுப்பவரே ஆலையின் உறுப்பினர். இலையை வாடவைப்பதிலிருந்து சலிப்பது வரை அந்த ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும். இலையில் செய்ததை மின்சாரத்தில் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

நான்காம் படி: சட்டத்தில் எது எளிது, எது கடினம்

மின்சாரச் சட்டம் 2003 படி மின்சாரம் உற்பத்தி செய்ய உரிமம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். மாநில அரசு அறிவிக்கை செய்யும் கிராமப் பகுதியில் உற்பத்தியும் வினியோகமும் சேர்ந்து செய்பவருக்கு 14 ஆம் பிரிவு அதிலும் விலக்குத் தருகிறது. ஊராட்சிகள், பயனாளர் சங்கங்கள், கூட்டுறவுகள் மூலம் கிராம வினியோகத்தை நடத்துவது பற்றி 5 ஆம் பிரிவு பேசுகிறது. சட்டத்தில் கதவு இருக்கிறது, அதைத் தட்டுபவர்கள்தான் குறைவு.

சொந்தப் பயன்பாட்டுக்கான உற்பத்தி என்ற இன்னொரு வழியும் உண்டு. 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி, பயன்படுத்துவோர் குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் உறுப்பினர்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆலைகள் சேர்ந்து வெயிலோ காற்றோ மிகுந்த சமவெளியில் நிலையம் வைக்க நினைத்தால் இந்த விதிதான் அடித்தளம்.

ஓடைத் திட்டத்தில் முதல் கேள்வி நிலம். நம் ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டிலிருந்து வருகின்றன. வன உரிமைச் சட்டம் 2006, 3 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவு, அரசு நிர்வகிக்கும் சில பொது வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. அந்தப் பட்டியலில் மின்கம்பிகளும் மரபுசாரா எரிசக்தியும் இருக்கின்றன. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமை, கிராம சபையின் பரிந்துரை ஆகியவை நிபந்தனைகள். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு இது மிக முக்கியமான வரி. அரசு நிர்வகிக்கும் வசதி என்று சட்டம் சொல்வதால், தனிச் சங்கத்தின் பெயரில் போகாமல் ஊராட்சியோடு சேர்ந்து போங்கள். அனுமதி வரும் முன் காட்டில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

ஐந்தாம் படி: பணம்

வீட்டுக் கூரைக்கு, 2024 இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000. விவசாயிகளுக்கான குசும் திட்டத்தின் முதல் பிரிவில் விவசாயிகள் குழு, கூட்டுறவு, ஊராட்சி ஆகியோர் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்க வழி செய்யப்பட்டது. அது பெரிய நிலமும் பெரிய கடனும் கேட்கும் வேலை, முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

மானியத்தைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பழுது நிதியைப் பற்றி. பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை ஏறத்தாழ பத்தாண்டில் மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பத்தாம் ஆண்டுக்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மானியத்தில் வந்த கருவிகள் ஒரு சிறு பாகம் கெட்டதும் கூரையில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பல குடியிருப்புகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மாற்றுவதற்கு இரண்டாயிரம் ரூபாய் யாரிடமும் இல்லை, அல்லது யாருடைய பொறுப்பு என்று தெரியவில்லை.

மின்தடை, பனி, யானை

புதியவர்களை அதிர வைக்கும் ஒரு செய்தி: மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நிற்கும். கம்பியில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் கற்பூர மரமும் சீகை மரமும் கம்பியில் சாய்ந்து இரண்டு நாள் இருட்டாகும் நம் ஊர்களில், தடையிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் வேண்டும். அந்தக் கூடுதல் செலவை எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள். அங்கன்வாடிக்கும், கைபேசி சார்ஜ் செய்ய ஒரு பொது இடத்துக்கும், துணை சுகாதார நிலையத்துக்கும் செய்தால் போதும்.

ஊட்டிப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைப் பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெடும். பேட்டரியை வெளிச்சுவரில் மாட்ட அனுமதிக்காதீர்கள், கட்டடத்துக்கு உள்ளே வையுங்கள்.

கம்பி எங்கே தாழ்ந்து தொங்குகிறது என்று ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே நடந்து பார்க்க வேண்டும். யானை வழித்தடத்தில் தாழ்ந்த கம்பி கொலைக்கருவி. யாராவது வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சினால் அது குற்றம். நம் குழுவில் ஒருவர் அப்படிச் செய்தாலும் மூடி மறைக்கக் கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டு, யாரும் நெருங்காதபடி காவல் நில்லுங்கள். புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: செய்தியும் கூட்டமும்

பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் சோர்ந்து போகின்றன. கருவி வந்த மாதத்தில் எல்லோரும் வருவார்கள். ஓராண்டு கழித்து மூன்று பேர் மட்டும் இருப்பார்கள். ஊருக்குச் செய்தி போவது நின்றதும் ஊர் மின்சாரம் மூன்று பேர் மின்சாரம் ஆகிவிடுகிறது.

மாதம் ஒரு தாள் எழுதுங்கள், ஒரே பக்கம். இந்த மாதம் எத்தனை யூனிட் வந்தது, எத்தனை எரிந்தது, கட்டணத்தில் எவ்வளவு குறைந்தது, பழுது நிதியில் எவ்வளவு இருக்கிறது, எது கெட்டது, அதை யார் சரி செய்தார்கள். கீழே, அடுத்த மாதம் என்ன நடக்கிறது. எடைக் கொட்டகையில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒன்று ஒட்டுங்கள். கைபேசிக் குழுவிலும் போடலாம், ஆனால் தாளைக் கைவிடாதீர்கள். இலை கொண்டுவரும் பாட்டி தாளைத்தான் நின்று படிக்கச் சொல்லிக் கேட்பார்.

"அடுத்த மாதம்" என்ற பகுதியை நிரப்ப ஆண்டு முழுக்க விஷயம் இருக்கிறது. கிராம சபை ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். குடிநீர் மோட்டாரின் ஓராண்டு மின்கணக்கை வாசிக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானம் போட விரும்பினால் ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள். அன்று வாய்மொழியாகச் சொன்னது குறிப்பேட்டில் ஏறாமல் போய்விடும். தீர்மானம் எழுதியதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஜூலை 1 ஐக் கவனியுங்கள். 2022 செப்டம்பர் ஆணைக்குப் பிறகு மின்கட்டணம் அந்த நாளையொட்டி மாறி வந்திருக்கிறது. ஜூன் தாளில் ஊரின் பழைய கட்டணத்தை எழுதிவைத்தால் ஆகஸ்டில் ஒப்பிட எளிது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். நேரடிக் கூட்டமும் நடத்தும், 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் நடந்தது. நம் மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தால் போய் வந்துவிடலாம். தமிழில், மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு கோரிக்கையைச் சொல்லுங்கள். டெல்லியில் 2019 முதல் ஒரே நிலையத்தின் உற்பத்தியைப் பல வீடுகளின் கணக்கில் பிரித்துக் கழிக்கும் முறை இருக்கிறது. பலகை வைக்க ஏற்ற கூரையே இல்லாத, நிழல் விழும் வீடுகள் நிறைந்த மலையூர்களுக்கு அதைப் போன்ற ஏற்பாடுதான் தேவை. கேட்க வேண்டிய கோரிக்கை அதுவே என்பது என் எண்ணம்.

மின்வாரியத்தின் மாதாந்திர நுகர்வோர் குறைதீர் கூட்டம், பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு இரண்டும் நாளிதழ்களின் நீலகிரிப் பக்கத்தில் வரும். அவற்றைப் பார்த்துத் தாளில் எழுத ஒருவரை நியமியுங்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் இதை மிக நன்றாகச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் ஊர்ச் சொந்த மின் நிறுவனங்கள் அக்டோபர் முதல் முழு வாரத்தைப் பொது மின்சார வாரமாகக் கொண்டாடி, நிலையங்களை மக்களுக்குத் திறந்து காட்டுகின்றன. ஏப்ரல் 18 ஐக் கம்பித் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லும் நாளாக வைத்திருக்கிறார்கள். நமக்கு டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். அந்த வாரத்தில் மோட்டார் அறையைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். எங்கள் ஊரில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மீட்டரைக் காட்டி, "மாமா, மோட்டார் நின்ற பிறகும் இது ஓடுகிறதே?" என்று கேட்டாள். பார்த்தால், தொட்டிக்குப் பக்கத்து அறையில் எப்போதோ போட்ட பழைய பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. நன்றி சொல்லும் நாளையும் எடுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்து கம்பத்தில் ஏறும் லைன்மேன் அண்ணனைக் கூட்டத்துக்கு அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் சொல்வதை ஊர் கேட்கட்டும். எந்தக் கம்பம் சாயப்போகிறது, எந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோட்டு வாங்குங்கள். மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நாளைக் காலை, மோட்டார் ஓடும் முன் ஒரு முறையும் நின்ற பிறகு ஒரு முறையும் மீட்டரைப் பார்த்து, தேதி போட்டு இரண்டு எண்களை எழுதுங்கள்.